உருளைக்கிழங்குச் சிற்பிகள்

நம் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளின் படைப்பாற்றலைக் கொன்றுவிடுகின்றன என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள், ஏப்ரல் முதல் தேதி எந்தப் பள்ளிக்கும் வந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரே ஒரு முறை வந்திருந்தால் போதும். படைப்பாற்றல் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை முதுகிலேயே வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

அந்தச் சான்றிதழைத் தயாரிப்பது சாமானிய வேலை அல்ல. பொரியலுக்கென்று அம்மா எடுத்து வைத்த உருளைக்கிழங்கில் சொத்தையில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சரிபாதியாக வெட்ட வேண்டும். வெட்டிய முகத்தில் பிளேடாலும் காம்பஸ் முனையாலும் ஆங்கில 'ஏ', 'எஃப்' என்னும் இரண்டு எழுத்துகளைப் புடைப்பாகச் செதுக்க வேண்டும். ஏப்ரல் ஃபூல் என்பதன் சுருக்கம். நேராகச் செதுக்கினால் சட்டையில் இடவலம் மாறி விழும். ஆகவே கிழங்கிலேயே மாற்றிச் செதுக்க வேண்டும். 'ஏ'யால் தொல்லை இல்லை. கண்ணாடியில் பார்த்தாலும் அது 'ஏ'தான். 'எஃப்'தான் முகம் திருப்ப வேண்டும். எழுத்துகளின் வரிசையும் மாற வேண்டும். சமச்சீர் என்றால் என்ன, எதிரொளிப்பு என்றால் என்ன என்று வண்ணச் சாக்பீஸில் படம் போட்டுப் போட்டு எங்கள் கணக்கு ஆசிரியர் ஓய்ந்துபோனார். அந்தக் கேள்வியைத் தேர்வில் தொடாமல் விட்டுவிட்டு வந்த பையன்தான், டியூஷன் இல்லாமல், ஒரே ராத்திரியில் அதைக் கிழங்கில் சாதிக்கிறான். மறுநாள் காலையில் பலர் முதுகிலும் நிரூபித்துக் காட்டுகிறான். கணக்கு ஆசிரியரின் முதுகில் மட்டும் காட்டுவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைப் பேனாவால் எழுதுகிற பிள்ளைகள் இப்போது அபூர்வம். பால்பாயிண்ட்டும் ஜெல் பேனாவும் வந்தபின் மைப் புட்டியை யார் வாங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். மார்ச் மாதக் கடைசியில் எங்கள் பள்ளி வாசல் கடைக்காரரை விசாரியுங்கள். ஆண்டு முழுக்க அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பிரில் மைப் புட்டிகள் ஒன்று பாக்கியில்லாமல் விற்றுத் தீர்ந்திருக்கும். எழுத ஆளில்லாமல் அழியவிருந்த ஒரு பொருளை, எழுதும் தொந்தரவே இல்லாமல் வாழவைத்தவர்கள் எங்கள் மாணவர்கள். கடைசித் தேர்வு முடிந்து மணி அடித்ததும் பாருங்கள். விடைத்தாளில் இரண்டாவது பக்கத்தைத் தாண்டாத கை, தோழனின் சட்டையில் முன்பக்கம், பின்பக்கம், கைமடிப்பு என்று அடிஷனல் ஷீட் கேட்காமலே நிரப்பித் தள்ளும்.

எட்டாம் வகுப்புவரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை இலவசமாகத் தருகிறது. நான்கு எதற்கு என்று திட்டம் தீட்டியவர்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்காது. எங்கள் சிற்பிகள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள்: மூன்று உடுத்துவதற்கு, ஒன்று ஓவியத்துக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் காசு கொடுத்துத் துணி எடுத்துத் தைக்கிற வீடுகளிலும் இதே விகிதத்தை எதிர்பார்ப்பதுதான் சமத்துவம். சில வீடுகளில் அண்ணன் சட்டை அடுத்த ஜூனில் தம்பிக்கு வரும். எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்தும், பாலில் ஊறவைத்துப் பார்த்தும், அம்மா அடித்துத் துவைத்தும் போகாத நீலத் திட்டோடு அந்தத் தம்பி பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்பான். கலைப் பொருளைத் தலைமுறை தாண்டிப் பாதுகாக்கும் பழக்கம் நம் நாட்டில் இல்லை என்று யார் சொன்னது?

இந்தக் கலையில் வெள்ளைக்காரர்கள் நம்மைவிட எவ்வளவு பின்தங்கியவர்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி தொலைக்காட்சி, 'பனோரமா' என்னும் தன் செய்தி நிகழ்ச்சியில் ஒரு குறும்படம் காட்டியது. சுவிட்சர்லாந்தின் தென்கோடியில் ஒரு குடும்பம் மரத்திலிருந்து ஸ்பகெட்டி சேமியாவைப் பறித்து வெயிலில் காயவைக்கிறது. குளிர் அதிகமில்லாததாலும், ஸ்பகெட்டியைத் துளைக்கும் வண்டு ஒழிந்துபோனதாலும் இந்த ஆண்டு அமோக விளைச்சல் என்று ரிச்சர்ட் டிம்பிள்பி, தேசமே நம்பிய தன் குரலில், சிரிக்காமல் விவரித்தார். ஸ்பகெட்டி அப்போது இங்கிலாந்தில் பலரும் அறியாத பண்டம். செடி எங்கே கிடைக்கும் என்று தொலைபேசியில் கேட்டவர்களிடம், தக்காளி சாஸ் டப்பாவில் ஒரு துண்டு ஸ்பகெட்டியை நட்டு வைத்துவிட்டு நல்லதை எதிர்பாருங்கள் என்று பதில் சொன்னார்களாம். இந்த யோசனை சார்லஸ் டி ஜேகர் என்ற ஒளிப்பதிவாளருடையது. ஆஸ்திரியாவில் படித்த காலத்தில் அவருடைய ஆசிரியர், "ஸ்பகெட்டி மரத்தில் காய்க்கிறது என்றால்கூட நம்புகிற முட்டாள்கள்" என்ற பொருள்பட வகுப்பைத் திட்டுவாராம். அதை மனத்தில் வைத்திருந்து, ஒரு நாட்டையே நம்பவைத்துவிட்டார்.

எவ்வளவு வீண் உழைப்பு! ஆசிரியரின் வசவை இத்தனை ஆண்டுகள் சுமந்து, படக்கருவியோடு சுவிட்சர்லாந்துவரை போய், ஸ்பகெட்டியை மரக்கிளையில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, வண்டின் பெயரைக்கூட யோசித்து வைத்து... கடைசியில் ஒருவர் சட்டையாவது கெட்டதா? ஒரு சிறுமியாவது அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாளா? ஏமாந்தவர்களில் சிலர் கோபித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுத் தூங்கப் போனார்கள். இதையும் குறும்பு என்று உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. எங்கள் பையன்களுக்கு ஓர் உருளைக்கிழங்கு போதும்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தன்று மாணவர்கள் ஆசிரியர்களாக வேடமிட்டுப் பாடம் நடத்துவது எங்கள் பள்ளியில் வழக்கம். ஒரு பையன் என்னைப்போலவே மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, அதையே மேசையெல்லாம் தேடினான். என் மனைவிகூட அவ்வளவு நுணுக்கமாக என்னைக் கவனித்ததில்லை. சிரித்து மாளவில்லை. ஆனால் அந்தப் பையனுக்குப் பள்ளியில் குறும்புக்காரன் என்று பெயரே கிடையாது. யாருக்கும் காயமில்லாத, கவனித்துப் பார்த்துச் செய்த வேலையெல்லாம் அந்தக் கணக்கில் சேராது போலும்.

கணக்கிலிருந்து இயற்பியலுக்கு வருவோம். பிள்ளைகளின் புலமை அதில் வெளிப்படுவது தீபாவளிக்கு முந்தின வாரம். ஊதுபத்தியின் நுனியைப் பற்றவைத்து, அதன் உடலில் எந்த இடத்தில் வெடியின் திரியைச் சுற்றினால் எத்தனை நிமிடத்தில் நெருப்பு வந்து சேரும் என்பது வேகம், தூரம், காலம் மூன்றும் கலந்த கணக்கு. காற்று அடித்தால் பத்தி வேகமாக எரியும், ஈரமிருந்தால் அணைந்துபோகும். இவ்வளவையும் வீட்டுக் கொல்லையில் சோதித்துப் பார்த்துத் திருத்தங்கள் செய்துகொண்டு வருகிறார்கள். ஆய்வகத்தில் தனி ஊசலை ஆடவிட்டு இருபது அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று எண்ணச் சொன்னால் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் தொலைந்துபோகிறவர்கள் இவர்களேதான். பத்தியைப் பையன்களின் கழிவறையில் வைத்துவிட்டு, வகுப்புக்கு வந்து, என் முன்னால் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டில் அந்தப் பாடவேளை ஒன்றில்தான் அவர்கள் முகத்தில் நான் ஆழ்ந்த கவனத்தைப் பார்க்கிறேன். சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்தால், கண்ணகி மதுரையை எரிக்கும் இடத்துக்குச் சரியாக வந்து சேருவேன் என்பதுதான் என் ஆசை. பெரும்பாலும் அதற்கு முன்பே வெடித்துவிடுகிறது.

வெடி விஷயத்தில் சட்டம் தெரிந்தவர்கள் நிறையப் பேசுவார்கள். பட்டாசு வெடிக்க நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் வரையறுத்தது. காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று தமிழ்நாடு அரசு அதைப் பிரித்துக்கொண்டது. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். நான்கு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் வெடியின் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. எங்கள் பிள்ளைகள் இவற்றில் எதையும் மீறவில்லை என்றே வாதாடலாம். தள்ளி நின்று அளப்பதற்கு எங்கள் கழிவறையில் நான்கு மீட்டர் கிடையாது.

சத்தம் அடங்கியபின் உள்ளே போய்ப் பார்த்தால் பீங்கான் சில்லுகளாகக் கிடக்கும். அவற்றைப் பெருக்கி அள்ளுகிறவர் தூய்மைப் பணியாளரான ஒரு அம்மா. ஆயாம்மா என்பதற்கு மேல் அவருடைய பெயர் எந்தப் பையனுக்கும் தெரியாது. சொற்பச் சம்பளம், காலையும் இடைவேளைக்குப் பிறகும் அந்த அறைகளைக் கழுவிவிடுவது அவர் வேலை. ஒருமுறை, வாளியும் துடைப்பமுமாக அவர் வராந்தாவில் நடந்து வந்துகொண்டிருந்தபோது வெடித்தது. உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கக் கூடாது. பத்தியின் கணக்கில் ஆயாம்மா ஒரு மாறி அல்ல. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்ப் பெருக்கினார். கை கிழிந்ததற்குத் தலைமையாசிரியர் அறையிலிருந்து பஞ்சும் டிங்ச்சரும் கொடுத்தோம். உடைந்த பீங்கானுக்கு மாற்று வரும்வரை சிறுபிள்ளைகள் சுற்றுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். பொதுப்பணிக் கோப்பு நகரும் வேகம் ஊதுபத்தி எரியும் வேகத்தைவிடக் குறைவு என்பதையும் இந்த வகையில் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தெரியும். இது என் துறை என்பதால் தனிப்பட்ட பெருமை எனக்கு உண்டு. விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொன்னால் பெறுநர் இல்லாமல் தொடங்கி, இப்படிக்கு இல்லாமல் முடிப்பவன், மாவட்ட ஆட்சித் தலைவரின் செய்திக்குறிப்பை ஒற்றுப்பிழை இல்லாமல் வெளியிடுகிறான். போன ஆண்டு வந்த அறிக்கையின் படத்தை எடுத்து, கைபேசியில் தேதியை மட்டும் மாற்றி, 'கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு நாளை விடுமுறை' என்று ராத்திரி பத்து மணிக்கு எல்லாக் குழுவிலும் போட்டுவிட்டால் முடிந்தது. அரசு முத்திரை அதே இடத்தில்; கையொப்பம் அதே கோணத்தில். டவுனில் இருக்கிற பிள்ளைகள் டிவியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பள்ளிக்கு வந்துவிடுவார்கள். காலையில் ஒரே ஒரு பேருந்து வரும் ஊரிலிருந்து படிக்க வருகிற ஒரு பெண், பக்கத்து வீட்டுக் கைபேசியில் வந்ததை நம்பி அன்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே வேலைக்குப் போயிருந்தார்கள். சத்துணவுக் கூடத்தில் அவள் பங்கு முட்டை மிஞ்சியது. மறுநாள் அவளைப் பார்த்து வகுப்பே சிரித்தது; ஏமாந்தது அவள் குற்றம்தானே.

இதிலும் தலைநகரத்துப் பிள்ளைகள் நமக்கு ஒரு படி மேலே. 2024 டிசம்பரில் டெல்லிப் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருந்தபோது, அவற்றில் சிலவற்றை அந்தந்தப் பள்ளி மாணவர்களே, தேர்வு தள்ளிப்போகட்டும் என்று அனுப்பியதாகக் காவல்துறை சொன்னது. மோப்ப நாய், வெடிகுண்டு நிபுணர், தீயணைப்பு வண்டி! ஒரு பாடத்தைப் படிக்காமல் இருப்பதற்கு எத்தனை துறைகளை ஒருங்கிணைத்திருக்கிறார்கள். பெரிய நிர்வாகிகளாக வருவார்கள்.

தாவரவியலைச் சொல்லாமல் விட்டால் அந்த ஆசிரியர் வருத்தப்படுவார். எங்கள் பக்கத்து வேலிகளில் பூனைக்காலி என்று ஒரு கொடி படரும். அதன் விதைக்குச் சித்த மருத்துவத்தில் பழைய மதிப்பு உண்டு. விதையில் இருக்கும் லெவோடோபா என்ற பொருள், நடுக்குவாதத்துக்கு இன்றுவரை முக்கியமான மருந்து. காயின் மேல் மட்டும் பொன்னிறத்தில் சுணை இருக்கும். பார்க்க அழகு, பட்டால் தோல் பற்றி எரிவதாகத் தோன்றும். சொறியச் சொறியப் பரவும். எங்கள் ஆய்வாளர்கள் மருந்துள்ள விதையை வேலியோரம் எறிந்துவிட்டுச் சுணையை மட்டும் பக்குவமாகச் சுரண்டி, கணக்கு நோட்டின் தாளில் மடித்து எடுத்து வந்தார்கள். அது ஒரு நாற்காலிக்குப் போயிற்று.

யாருடைய நாற்காலிக்கு? இங்கேதான் என் பாராட்டின் மையம் இருக்கிறது.

தலைமையாசிரியருடைய நாற்காலிக்கு அல்ல. அது சுழல் நாற்காலி, மெத்தை போட்டது, அறைக்குப் பூட்டும் உண்டு. அங்கே வைப்பதுதான் கஷ்டமான வேலை, சாகசம் என்று பேர் சொல்லக்கூடிய வேலை. அதைச் செய்ய ஒருவரும் முன்வரவில்லை. கணக்கு ஆசிரியருடைய நாற்காலிக்கும் அல்ல. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பதினேழாம் பிரிவின்படி மாணவரை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்தக் கூடாது. ஆகவே எங்கள் பள்ளியில் பிரம்பு கிடையாது. கணக்கு ஆசிரியர் கையில் இருப்பது வடிவியல் கற்பிப்பதற்கான ஒரு மீட்டர் மர அளவுகோல். அதன் கல்விப் பயன்பாடுகளை எங்கள் மாணவர்கள் நன்றாக அறிவார்கள். சட்டமும் அறியும், பார்த்துக்கொண்டிருக்கிறது.

சுணை போனது தற்காலிகமாக வந்த ஓர் ஆங்கில ஆசிரியையின் நாற்காலிக்கு. 2022இல் காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் நிரப்பச் சொன்னார்கள்: இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. அப்படி வந்தவர். ஊரில் அவருக்கு உறவில்லை. பெஞ்சைத் தட்டி அதட்டவும் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம் என்கிற வேலை, அதனால் யார் மேலும் புகார் எழுதமாட்டார். இத்தனை தகுதியும் ஒருங்கே அமைந்த ஒருவரை ஒரே வாரத்தில் அடையாளம் கண்ட நுண்ணறிவை நான் வியக்கிறேன். தேர்வாணையம் வைத்து எடுத்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமான ஆளை எடுத்திருக்க முடியாது.

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்தார். அறுபது கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொறிந்துகொள்ளக்கூடாது என்று தீர்மானித்தவராய், கைகளைக் கட்டிக்கொண்டு, பாடவேளை முடியும்வரை நின்றபடியே வினைச்சொல்லின் மூன்று காலங்களை நடத்தினார். குரல் ஓரிடத்தில் உடைந்தது. அப்போதுதான் வகுப்பில் சிரிப்பு வந்தது. மதியம் ஓய்வறையில் ஆயாம்மா தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். ஏற்கெனவே கழிவறைச் சில்லு அள்ளிய அதே கை. இந்தப் பள்ளியின் நகைச்சுவை முழுக்க அந்தக் கை வழியாகத்தான் போகிறது. ஆங்கில ஆசிரியை அந்த மாதக் கடைசியில் நின்றுகொண்டார். வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னார்.

நம் கதைகளில் வரும் தெனாலிராமனுக்கு இந்த விவேகம் இருந்ததில்லை. கிருஷ்ணதேவராயரையும் அவருடைய ராஜகுருவையுமே திரும்பத் திரும்ப ஏமாற்றி, தலை போகும் ஆபத்தில் மாட்டிக்கொண்டு, புத்தியால் தப்பித்து வருவான். எத்தனை சிரமம்! விஜயநகரத்தில் தற்காலிக ஆசிரியைகள் இல்லாததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வகுப்புக்குள்ளும் இதே விதிதான். பெஞ்சுக்கம்பியில் தாவணி முனை கட்டப்படுவது எந்தப் பெண்ணுடையது, பபிள்கம் ஒட்டிக்கொள்வது யாருடைய சடையில், முதுகில் 'என்னை உதை' என்று சீட்டு ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திரிகிறவன் யார் என்று பார்த்தால் எனக்கு வருகைப் பதிவேடே தேவையில்லை. திக்கிப் பேசுகிறவன், புதிதாகச் சேர்ந்தவள், அப்பா இல்லாதவன். கபடி அணித் தலைவனின் முதுகில் ஒரு சீட்டும் ஒட்டியதாக வரலாறு கிடையாது. அவனுடைய முதுகுதான் பள்ளியிலேயே அகலமானது, இடத்துக்குப் பஞ்சமில்லை. பிறந்தநாளன்று தலையில் முட்டை உடைப்பதும் இதற்குள் அடக்கம், விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளைகளை மட்டும் பாராட்டிவிட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டால் நன்றி கெட்டவனாவேன். எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் எது நடந்தாலும், "பசங்கன்னா அப்படித்தான் சார், நாம செய்யாததா?" என்று சொல்ல ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார். அவர் முதுகில் எதுவும் விழுந்ததில்லை என்பதால் அவர் கருத்து மிகவும் சமநிலையானது. திரைப்படத்துறைக்கும் நன்றி. தமிழ் வாத்தியாரின் குடுமியையோ உச்சரிப்பையோ வைத்து ஒரு சிரிப்புக்கூட எடுக்காமல் பள்ளிக்கூடத்தைப் படம் பிடிப்பது நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை. நாற்காலி உடைந்து வாத்தியார் விழுவார். கதாநாயகன் பெஞ்சில் உட்கார்ந்து பாடத் தொடங்குவான். அந்த வாத்தியார் எழுந்து போய் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்த காட்சியை எந்தப் படத்தொகுப்பாளரும் மிச்சம் வைத்ததில்லை, படம் நீளமாகிவிடுமே.

பெற்றோரின் ரசனையும் பெரிது. மகன் செய்த சேட்டையைக் கேட்டுவிட்டு, "என்னை மாதிரியே இருக்கான் சார்" என்று மீசையைத் தடவிக்கொண்ட ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும். அவரும் என் மாணவர்தான். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய மகள் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். ஒருநாள் அவளுடைய சடையில் எவனோ பபிள்கம்மை ஒட்டிவிட, காதுக்குக் கீழே முடியைக் கத்தரிக்க வேண்டியதாயிற்று. தகப்பனார் மோட்டார் சைக்கிளை வராந்தாவரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இது பள்ளிக்கூடமா, என்ன சார்? பிள்ளைங்களுக்கு ஒழுக்கம்னு ஒண்ணு சொல்லிக் கொடுக்கிறதில்லையா?" என்று அவர் போட்ட சத்தத்தில் எல்லா வகுப்பும் அமைதியாகிவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. அவர் படித்த காலத்தில் அந்த ரசனைக்கு இலக்கான பெண்ணின் பெயர் என் நாக்குநுனி வரை வந்தது. அவள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

முன்னாள் மாணவர் சந்திப்பு கடந்த மே மாதம் நடந்தது. நல்ல கூட்டம். எல்லோரும் செட்டில் ஆகிவிட்டவர்கள். முன்னந்தலை வழுக்கை, ஒரே மாதிரி டி-சர்ட். ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து, யார் சைக்கிளில் காற்றை இறக்கியது யார், எந்தத் தீபாவளிக்குக் கழிவறையில் வெடித்தது எவன் வெடி என்று முப்பது ஆண்டு ரகசியங்களை உடைத்தார்கள். "அதெல்லாம் ஒரு பொற்காலம் சார்" என்றார்கள். பந்தலே குலுங்கிச் சிரித்தது. ஆயாம்மாவையும் அழைத்திருந்தார்கள், சாப்பாட்டுப் பந்தியில் இலை எடுக்க ஆள் போதவில்லை.

அந்தச் சந்திப்பின் நினைவாகப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கூடிப் பேசினார்கள். நூலகத்துக்குப் புத்தகம் என்று ஒருவர் சொல்லி அமர்ந்தார். கடைசியில், "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பயமே இல்ல சார்" என்று சொல்லி, பையன்களின் கழிவறை வாசலைப் பார்த்தபடி ஒரு சிசிடிவி கேமராவும் புதுக் கதவும் வைத்துத் தந்தார்கள். முன்னின்று பணம் கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வேகம், தூரம், காலம் மூன்றிலும் அவர் காலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கதவின் பாதியை அடைத்து உபயம் என்று போட்டு, அதன்கீழ் அவர் பெயரும் பட்டமும் தொழிலும் எழுதியிருக்கிறது.

பக்கத்துச் சுவரில் பதிக்கிற கல்லுக்கு நாலு வரி வேண்டும், தமிழய்யாதான் எழுதித் தர வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள். மாணவப் பருவம் தொட்டே இவ்விடத்தின்மீது இவர் கொண்ட தீராத ஈடுபாட்டையும், தம் கைவண்ணத்தால் இதன் தோற்றத்தையே மாற்றிய பெருமையையும், இவர் பணியின் ஓசை நாற்புறமும் எட்டியதையும் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு அவர் கண் கலங்கிவிட்டார். ஒரு பிரதியைச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்திலும் மாட்டியிருப்பதாகக் கேள்வி.